இருவருக்கும் பி.எம்.ஐ. (உயரத்துக்கேற்ற எடைக் கணக்கு) ஒன்றுதான், உடல் கொழுப்பு மட்டும் ஏன் இவ்வளவு வித்தியாசம்?

பால்மரம், சுங்கை சிப்புட்:
தோட்ட மண்டபத்து மருத்துவ முகாமில் எடுத்த கணக்கு இது.
கணவர்: வயது 48, 168 செ.மீ., 73 கிலோ, கொழுப்பு 26%, இடுப்பு 96 செ.மீ.
மனைவி: வயது 49, 155 செ.மீ., 62 கிலோ, கொழுப்பு 36%, இடுப்பு 81 செ.மீ.
ஒரே உலைச் சோறுதான். மெஷின் கோளாறா, மனைவிக்குத்தான் ஆபத்தா?

மிஸ்ஸி:
மெஷினில் கோளாறு இல்லை. உயிர்வாழத் தேவையான கொழுப்பே ஆணுக்கு 3%, பெண்ணுக்கு 12% அளவில் இருக்கும். அதனால் 26ஐயும் 36ஐயும் பக்கத்தில் வைத்துப் பார்க்காதீர்கள். இடுப்பைப் பாருங்கள். ஆசியர்களுக்கு வரம்பு ஆண் 90, பெண் 80. அக்கா 1 செ.மீ. தாண்டியிருக்கிறார், அண்ணன் 6. முதலில் இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டியவர் அண்ணன்தான்!

ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் இருக்கும்வரை பெண்ணுக்குக் கொழுப்பு பெரும்பாலும் தொடையிலும் பிட்டத்திலும் தோலுக்கடியில் தங்கும். ஆணுக்கு வயிற்றுக்குள், குடலைச் சுற்றிச் சேரும். அங்கிருந்து கொழுப்பமிலம் நேராகக் கல்லீரலுக்குப் போகிறது. சர்க்கரை நோய்க்கும் கொழுப்புக் கல்லீரலுக்கும் அது ஒரு முக்கிய வழி.

டேப்காரன்:
96 சரியான அளவா? ஆண்கள் தொப்பைக்குக் கீழே, சிலுவார் (கால்சட்டை) கட்டும் இடத்தில் டேப்பைப் பிடிப்பார்கள். குறைவாகத்தான் காட்டும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பு மேல்விளிம்புக்கும் நடுவில், சாதாரணமாக மூச்சு விட்டபின் அளக்கணும். வயிற்றை எக்கக்கூடாது. கொழுப்பு மெஷினில் ஆண், பெண் பட்டனை மாற்றி அழுத்தினாலும் விழுக்காடு மாறும். வெயிலில் வேலை செய்து உடம்பில் தண்ணீர் வற்றியிருந்தால் கொழுப்பைக் கூட்டிக் காட்டும்.

பால்மரம்:
இடுப்பு அளவு சரியாக எடுத்ததுதான். கணவர் முன்பு செம்பனைக் குலை அறுத்தவர், இப்போது ஜாகா (காவல்) வேலை.

மிஸ்ஸி:
அப்போ விஷயம் தெளிவு. வேலை உட்கார்ந்து செய்வதாகிவிட்டது, சோறு பழைய அளவிலேயே இருக்கிறது. ‘ஆம்பளைக்கு ரெண்டு தட்டு’ பழக்கத்தை ஒரு தட்டாக்கி, பாதித் தட்டுக்குக் காய் வைக்கணும். கெட்டிப்பால் தேநீருக்குப் பதில் தே ஓ கோசோங் (பாலும் சீனியும் இல்லாத தேநீர்).

அக்காவையும் விட்டுவிடக்கூடாது. மாதவிடாய் நிற்கும் வயதில் எடை ஏறாமலே கொழுப்பு வயிற்றுக்கு இடம் மாறும். நிறுவை எந்திரம் அதைக் காட்டாது, டேப்தான் காட்டும். மாதம் ஒருமுறை அளக்கட்டும். தசை குறைவதும் இதே வயதில்தான், அதனால் நடையோடு நாற்காலியில் உட்கார்ந்து எழும் பயிற்சி, 10 தடவை வீதம் 3 சுற்று. மிச்சச் சோறு வீணாகிறதே என்று சட்டியை வழித்துச் சாப்பிடுவது நம் வீடுகளில் பெண்கள்தான், அதையும் கணக்கில் சேர்க்கணும்.

அரசாங்க கிளினிக்கில் குடிமக்களுக்கு 1 ரிங்கிட்தான். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு 8 மணி நேரம் வெறும் தண்ணீரோடு இருந்து இருவரும் காலையில் போங்கள். அண்ணனுக்கு நைட் ஷிஃப்ட் என்றால் ஓய்வு நாளுக்கு மறுநாள் காலை வசதி.