நீங்கள் மிதித்த மண் நாவலில் வந்தால்? உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

தண்டையார்பேட்டைக்காரன்:

ரொம்ப நாளாகக் கேட்க நினைத்தது இது. சரித்திர நாவல் படிக்கிறவர்களில் கதையைப் படித்துவிட்டு ஊரைத் தேடிப் போகிறவர்கள் உண்டு, வேறு வேலையாக ஊருக்குப் போய் வந்து அப்புறம் கதையில் அந்த ஊரைப் பார்த்து "அட" என்கிறவர்களும் உண்டு. நான் முதல் வகையில் இருந்து அசடு வழிந்து இரண்டாவதுக்கு மாறினவன்.

எங்கள் வீட்டில் பொன்னியின் செல்வன், பத்திரிகையிலிருந்து வாராவாரம் கிழித்துச் சேர்த்து பைண்டு பண்ணின தொகுதியாக இருந்தது. பாட்டி சேர்த்தது. மணியம் படங்கள் அப்படியே இருக்கும், பின்பக்கத்தில் ஏதாவது விளம்பரம் பாதியில் வெட்டுப்பட்டு நிற்கும், மூன்றாம் பாகத்தில் கரையான் போட்ட ஓட்டை ஒன்று இருபது பக்கத்துக்கு நேராகப் போகும். அந்த ஓட்டையில் விழுந்த எழுத்துக்களை நாமே நிரப்பிப் படிக்க வேண்டியதுதான். எட்டாவது முழுப்பரீட்சை லீவில் முடித்தேன். அதில் வந்தியத்தேவன் வீரநாராயண ஏரிக்கரையில் (இப்போதைய வீராணம்) குதிரையில் வருவானே, கணவாய்களை எண்ணிக்கொண்டே? எழுபத்து நான்கு என்று கேள்விப்பட்டிருப்பான், சரிதானா என்று பார்க்க வேண்டும் அவனுக்கு. எழுபது வரை எண்ணிவிடுவான். எனக்கும் ஒருநாள் அதை எண்ண வேண்டும் என்று ஆசை, பல வருஷ ஆசை.

மச்சினன் கல்யாணம் காட்டுமன்னார்கோயிலில் வந்தது. வைகாசி மாதம். சேத்தியாத்தோப்பில் பஸ் மாறி ஜன்னலோர சீட்டாகப் பார்த்து உட்கார்ந்து, "இப்போ பார், கடல் மாதிரி வரும்" என்று வீட்டுக்காரியிடம் சொல்லிக்கொண்டே வந்தேன். வந்தது. வெடித்த வண்டல், ஆடுகள், தூரத்தில் பையன்கள் ஸ்டம்பு நட்டு கிரிக்கெட். அவள் ஒன்றும் சொல்லவில்லை, சிரிக்கவும் இல்லை, அதுதான் மோசம். சரி, கணவாயையாவது எண்ணுவோம் என்று ஆரம்பித்தேன் (கல்கி கணவாய் என்பதை நாம் மதகு என்போம்). விரல் மடக்குவதைக் கண்டக்டர் பார்த்துவிட்டு என்ன சார் எண்றீங்க என்றார். மதகு என்றேன். "அதுக்குப் பொதுப்பணித்துறை ஆபீஸ்ல கேட்டா சொல்லிடுவாங்களே" என்றார். அதோடு கணக்கு விட்டுப்போயிற்று. பதினொன்று வரை வந்திருந்தேன்.

ஆனால் ஊர் திரும்பி மறுபடி முதல் அத்தியாயத்தை எடுத்தபோதுதான் விஷயம் புரிந்தது. அத்தியாயத்துக்குப் பேரே ஆடித்திருநாள். மேட்டூர் திறக்க வழக்கமான தேதி ஜூன் 12. தண்ணீர் காவிரியில் வந்து, கொள்ளிடத்தில் கீழணைக்குப் போய், அங்கிருந்து வடவாற்று வழியாக ஏரிக்கு வர வேண்டும். வைகாசியில் போய் நின்றுகொண்டு அலை எங்கே என்றால்? அவர் நாள் குறித்துக் கொடுத்திருக்கிறார், நான்தான் பார்க்கவில்லை. அப்புறம் அந்தக் கரையின் உயரம், வளைவு, வெயிலில் மேலே எழும் மண் வாசனை எல்லாம் எனக்குத் தெரிந்திருந்ததால் குதிரையில் நானே போவது மாதிரி இருந்தது. சிறுவயதில் படித்தபோது இது இல்லை. அப்போது மணியம் வரைந்த ஏரியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

(அந்த ஏரித் தண்ணீர் 2004 முதல் குழாய் வழியாகச் சென்னைக்கு வருகிறது. நம் வடசென்னைப் பக்கத்துக்குப் பெரும்பாலும் புழலும் மீஞ்சூர் கடல்நீர் ஆலையும்தான். வந்தியத்தேவன் பார்த்த தண்ணீர் எல்லாம் தெற்கே இருப்பவர்களுக்கு. சரி விடுங்கள்.)

உங்களுக்கு எப்படி?

கல்மண்டபம் டீச்சர்:

நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். படித்த இடத்துக்குப் போகவே கூடாது. கோடிக்கரைக்கு ஸ்கூல் பிள்ளைகளோடு போனேன். பூங்குழலி படகு விடுகிற இடம் என்று மனதில் ஒன்று வைத்திருந்தேன், அங்கே உப்பளம், கொசு, எங்கிருந்தோ வந்த காட்டுக் குதிரைக் கூட்டம். பழைய சோழர் கலங்கரை விளக்கம் என்று சொன்னதன் மிச்சமும் 2004 சுனாமியில் போய்விட்டதாம். பிள்ளைகள் வெளிமான் பார்த்த சந்தோஷத்தில் இருந்தார்கள், எனக்குத்தான் ஏதோ பறிகொடுத்தது மாதிரி.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். வந்தியத்தேவன் அங்கே புதைசேற்றில் மாட்டுவதை நான் எப்போதும் நம்பினதில்லை, சினிமாத்தனம் என்று நினைப்பேன். பறவை பார்க்கிறேன் என்று பாதையை விட்டு நாலடி இறங்கினேன். இடது கால் கணுக்கால் வரை போனது, கால் திரும்பி வந்தது, செருப்பு வரவில்லை. இன்றைக்கும் அங்கேதான் இருக்கும். அந்த அத்தியாயத்தை இப்போது படித்தால் பாதத்தில் குளிர்கிறது.

காசிமேடு ஐஸ்:

டீச்சர் சொல்வது ஒரு வகையில் என் கதைதான்.

எங்கள் அப்பா, பெரியப்பா, நான், எல்லாரும் ஐஸ் வேலை. காசிமேட்டில் மீன் எவ்வளவு வந்தாலும் ஐஸ் இல்லையென்றால் அது மீன் இல்லை, குப்பை. விடியற்காலை ஏலத்துக்கு முன்னாடியே கட்டி வந்துவிட வேண்டும். கொக்கி போட்டு இழுப்போம், தோளில் சாக்கை மடித்துப் போட்டுத் தூக்குவோம், மெஷினில் விட்டால் தூளாகிக் கொட்டும். பார்க்கிறவர்களுக்கு ஜில்லென்று இருக்கும். கையில் பிடிக்கிறவனுக்குச் சுடும். இதை வெளியாள் யாருக்குச் சொன்னாலும் புரியாது, ஐஸ் எப்படிய்யா சுடும் என்பார்கள். முதலில் மரத்துப்போகும், அப்புறம் எரியும், ராத்திரி சோறு பிசையும்போதுதான் விரலில் தோல் உரிந்திருப்பது தெரியும்.

நான் கதைப் புத்தகம் படிக்கிறவன் இல்லை. சங்கத்துத் தோழர் ஒருத்தர் "உன் தொழில் பத்தின புத்தகம்டா" என்று கொடுத்தார். ஜெயமோகன் எழுதின வெள்ளை யானை. 1878-ல் சென்னையில் நடக்கிற கதை, தாது வருஷப் பஞ்சம் முடிகிற சமயம். ஐஸ் ஹவுஸில் ஐஸ் சுமக்கிற ஆட்கள் வேலைநிறுத்தம் செய்வார்கள், அதை ஏய்டன் என்கிற ஐரிஷ் காப்டன் கண்வழியாகச் சொல்கிற கதை. ஐஸ் ஹவுஸ் என்றால் எனக்கு பஸ் ஸ்டாப்தான். திருவல்லிக்கேணி போகிறபோது கண்டக்டர் கத்துவார், இறங்குவேன், அவ்வளவு. கடற்கரை ரோட்டில் வட்டமாக ஒரு கட்டடம் இருக்குமே, இப்போது விவேகானந்தர் இல்லம், அதுதான் அந்த ஐஸ் கிடங்கு என்று எனக்கு நாற்பத்தி இரண்டு வயதில் தெரிகிறது. 1842-ல் கட்டினது. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பக்கத்து ஏரிகளில் குளிர்காலத்தில் உறைந்த தண்ணீரை அறுத்து, மரத்தூளில் பொதித்து, மாசக்கணக்கில் கப்பலில் கொண்டுவந்து நம் ஊர் துரைகளுக்கு விற்றிருக்கிறான். மரத்தூள்! எங்கள் பெரியப்பா காலத்தில் உமி போட்டு மூடுவார்கள். அதே வித்தை.

படித்துவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே போய் நின்றேன். எல்லாரும் உள்ளே கண்காட்சி பார்க்கப் போனார்கள், நான் வாசலில் நின்று கடல் எவ்வளவு தூரம் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது மெரினா மணல் அகலமாகிவிட்டது. துறைமுகச் சுவர் எழும்பின பிறகுதான் தெற்கே மணல் சேர்ந்தது, அதே சுவரால்தான் வடக்கே நம் பக்கம் கடல் அரித்தது, அது தனிக்கதை. அந்தக் காலத்தில் கப்பல் தள்ளி நிற்கும், மசூலாப் படகில் அலையைத் தாண்டித்தான் சரக்கு கரைக்கு வரும். நான் கணக்குப் போட்டது இதுதான்: படகிலிருந்து இறக்கி, ஈர மணலில் கால் புதைய, வெயிலில் உருகுகிற கட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு ஓட வேண்டும். நடந்தால் பாதி போய்விடும். உருகினது யார் கூலியில் கழியும் என்று எனக்கு நாவல் சொல்ல வேண்டியதில்லை.

அதே கடற்கரையில் 1877-ல் தானிய மூட்டை மலை மாதிரி அடுக்கி வைத்திருந்த போட்டோ ஒன்று உண்டு, பஞ்சத்துக்கு நடுவில். எங்கள் சங்கத்து ஆபீஸ் சுவரில் யாரோ பிரிண்ட் எடுத்து ஒட்டியிருக்கிறார்கள். தினமும் பார்த்த படம். புத்தகம் முடித்த அன்றைக்குத்தான் மூட்டையைப் பார்க்காமல் பக்கத்தில் நிற்கிற ஆட்களைப் பார்த்தேன்.

பழைய சீமேன்:

சுருக்கமாக எழுதுகிறேன், கண் ஆபரேஷன் ஆகி பத்து நாள்தான் ஆகிறது. கப்பலில் இருந்த காலத்தில் பினாங்குக்கு நாலு தடவை போயிருக்கிறேன். சூலியா தெருவில் நம் ஆள் கடையில் சாப்பிட்டுவிட்டு, தபால் போட்டுவிட்டு, கப்பலுக்குத் திரும்பிவிடுவேன். ரிட்டயர் ஆன பிறகு ப. சிங்காரத்தின் புயலிலே ஒரு தோணி கையில் கிடைத்தது. மெடான், பினாங்கு, இரண்டாம் உலகப்போர், வட்டிக்கடைப் பையன்கள், ஜப்பான்காரன். நான் வேர்க்கடலை தின்றுகொண்டு நடந்த தெருக்கள். அப்போதே படித்திருந்தால் ஒரு சந்தாவது நின்று பார்த்திருப்பேன். அதனால் தம்பி தண்டையார்பேட்டை, முதலில் படித்துவிட்டுப் போ என்பதே என் கட்சி. வியாசர்பாடியில் அத்தோ (பர்மா நூடுல்ஸ்) சாப்பிடுகிறவர்களும் அந்தப் புத்தகத்தைப் படிக்கலாம், பர்மாவிலிருந்து நடந்தே வந்த குடும்பங்களின் பேரப்பிள்ளைகளுக்கு அதில் பல இடம் சொந்தமாகத் தெரியும்.

ஒற்றியூராள்:

தண்டையார்பேட்டை அண்ணா, நீங்கள் வீராணத்தில் தேடின ஆள் ஒருத்தர் உங்கள் வீட்டிலிருந்து நாலாவது மெட்ரோ ஸ்டேஷனில் இருக்கிறார். தெரியுமா?

அந்த ஏரியை வெட்டினது யார் என்று முதல் அத்தியாயத்திலேயே வருகிறது, ராஜாதித்தர், பராந்தகன் மகன். வீரநாராயணன் என்பது அப்பாவின் பட்டப்பெயர். 949-ல் தக்கோலத்தில் ராஷ்டிரகூடர்களோடு நடந்த சண்டையில் யானைமேலேயே செத்தார், அதனால் யானைமேல் துஞ்சிய தேவர். இவ்வளவும் நாவல் படித்த எல்லாருக்கும் தெரியும். அவரோடு இருந்த ஒரு சேனைத்தலைவர், கேரள தேசத்துக்காரர், அந்தச் சண்டையில் எசமானோடு சேர்ந்து சாகக் கொடுத்துவைக்கவில்லையே என்று மனசு விட்டுப்போய், கங்கையில் குளித்து, துறவு வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்த இடம் எது? எங்கள் திருவொற்றியூர். சதுரானன பண்டிதர் என்று பெயர் மாற்றிக்கொண்டு மடத்துக்குத் தலைவராகிவிட்டார். இது கதை இல்லை, எங்கள் கோயில் கல்வெட்டில் இருக்கிறது, தக்கோலம் நடந்து பத்து வருஷத்துக்குள் வெட்டினது. வெள்ளங்குமரன் என்ற பெயருள்ள தளபதிதான் இவர் என்று ஆராய்ச்சிக்காரர்கள் சொல்கிறார்கள். அதே பட்டப்பெயரில் பின்னால் வந்த ஒரு சதுரானன பண்டிதர் சொல்லித்தான் ராஜேந்திர சோழன் காலத்தில் மூலவர் கோயிலைக் கருங்கல்லில் கட்டினார்கள். பின்பக்கம் யானை படுத்த முதுகு மாதிரி வளைந்திருக்குமே, அந்த விமானம். கட்டின தச்சர் பெயர் வரைக்கும் கல்வெட்டு சொல்கிறது: ரவி என்கிற வீரசோழத் தச்சன்.

நான் பிறந்ததே சந்நிதித் தெரு. வடிவுடையம்மனை வெள்ளிக்கிழமை தவறாமல் பார்க்கிறவள். சுந்தரர் மகிழமரத்தடியில் சங்கிலி நாச்சியாருக்கு சத்தியம் செய்த கதையை அம்மா ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறாள் (சத்தியம் செய்துவிட்டு ஓடின மனுஷனுக்குக் கண் போனதைச் சொல்லும்போது மட்டும் அவள் குரலில் ஒரு திருப்தி இருக்கும்). இந்தத் தளபதியைப் பற்றி மட்டும் யாரும் சொன்னதில்லை. நூலகத்தில் ஒரு கல்வெட்டுப் புத்தகத்தில் பார்த்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தேன். செத்துப்போன ராஜகுமாரனுக்கு ஊரெல்லாம் ரசிகர்கள். உயிரோடு மிஞ்சினவன் எப்படி நாளைக் கழித்தான் என்று ஒரு நாவல் வேண்டாமா? யாராவது எழுதுங்கள். எழுதினால் நான் ஊருக்குப் போகவும் வேண்டாம், தேடவும் வேண்டாம், பிரகாரத்தில் உட்கார்ந்தே படித்துவிடுவேன்.

தண்டையார்பேட்டைக்காரன்:

அக்கா, உங்கள் பதிலைப் படித்த மறுநாளே போய்விட்டேன். தேரடி ஸ்டேஷனில் இறங்கி நடந்தேன். எங்கள் வீட்டில் எல்லார் காதுகுத்தும் அந்தக் கோயிலில்தான், எத்தனை தடவை போயிருப்பேன் என்று கணக்கே இல்லை. மூலவருக்குப் பின்பக்கம் ஒரு தடவைகூட நின்றதில்லை, சுற்றி வந்து பிரசாதக் கடைக்குத்தான் கால் போகும். நேற்று நின்றேன். வளைவு சரிதான், யானை முதுகேதான்.

சுவரில் எழுத்து எழுத்தாக ஓடுகிறது. எது யாருடையது என்று எனக்குத் தெரியவில்லை, தமிழ் எழுத்து நாலைந்து பிடிபட்டது, மற்றதெல்லாம் வேறு மாதிரி. ஒரு இடத்தில் விரலை வைத்துக்கொண்டு போனேன். கல் குளிர்ந்துதான் இருந்தது, வெளியே அவ்வளவு வெயில். பின்னால் வந்த ஒரு பெரியவர் "என்ன தம்பி, பிரார்த்தனையா? அந்த இடம் இல்ல, அந்தப் பக்கம்" என்று கையைப் பிடித்து நகர்த்திவிட்டார்.

காசிமேடு அண்ணே, அந்தக் கடற்கரை போட்டோவைப் பார்க்க உங்கள் சங்க ஆபீசுக்கு ஒருநாள் வருகிறேன். டீச்சர், செருப்புக்கு அனுதாபம்.

அப்புறம் இன்னொன்று. தக்கோலம் இங்கிருந்து ரொம்ப தூரம் இல்லை, அரக்கோணம் போய் செங்கல்பட்டு லைனில் மாறினால் ஸ்டேஷனே இருக்கிறது. அடுத்த ஞாயிறு போகலாம் என்று இருக்கிறேன். யாராவது வருகிறீர்களா? வீட்டில் கேட்டேன், "அங்கே தண்ணி இருக்குமா, விசாரிச்சிட்டீங்களா" என்றாள்.