2008-இல் கலிபோர்னியாவின் தன்பாலினத் திருமண வாக்கெடுப்பில் தோற்ற பிறகு நீங்கள் தனியொருவராக என்ன செய்தீர்கள்?

வைகைக்கரை:

அனைவருக்கும் வணக்கம். நான் சான் ஹோசேயில் வசிக்கிறேன். குடியுரிமை கிடைத்த பின் என் முதல் வாக்கை 2024 நவம்பரில் அளித்தேன். வீட்டுக்கு வந்த வாக்காளர் கையேட்டில் புரொபசிஷன் 3 (மக்கள் நேரடியாக வாக்களிக்கும் மாநில முன்மொழிவு) பற்றிய பக்கங்களைப் படித்தபோதுதான், ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையிலான திருமணம் மட்டுமே கலிபோர்னியாவில் செல்லும் என்ற வரி, நடைமுறையில் செயலிழந்த பிறகும் மாநில அரசியலமைப்பில் அப்படியே அச்சில் இருந்து வந்தது என்று தெரிந்துகொண்டேன். 2008 நவம்பர் 4 அன்று ஏறத்தாழ 52 விழுக்காட்டினர் புரொபசிஷன் 8-க்கு ஆதரவாக வாக்களித்துச் சேர்த்த வரி அது. பதினாறு ஆண்டுகள் கழித்து 62 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் அதை நீக்கினார்கள்.

வழக்குகளின் வரலாற்றை எங்கு வேண்டுமானாலும் படித்துக்கொள்ளலாம். எனக்குத் தெரிய வேண்டியது வேறு. நம் தெருவில் இருப்பவர்களே நம் திருமணத்துக்கு எதிராக வாக்களித்திருக்கிறார்கள் என்ற செய்தியோடு மறுநாள் காலை கண்விழித்தவர்கள், அதன் பிறகு தாங்களாக என்ன செய்தீர்கள்? நானும் என் தோழியும் அடுத்த ஆண்டு திருமணம் செய்துகொள்ள இருக்கிறோம். 2022-இல் கருக்கலைப்பு வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ், நாடெங்கும் தன்பாலினத் திருமணத்தை ஏற்ற 2015-ஆம் ஆண்டின் ஓபர்கெஃபெல் தீர்ப்பையும் மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்று எழுதியதிலிருந்து இந்தக் கேள்வி எனக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. அக்காலத்தில் இங்கிருந்தவர்கள் அருள்கூர்ந்து எழுதுங்கள்.

பழைய பாசதினாவாசி:

முதலில் உங்கள் இருவருக்கும் என் வாழ்த்து, தங்கையே.

அந்த இரவில் ஒரே தொலைக்காட்சியில் ஒபாமா வென்ற செய்தியையும் நாங்கள் தோற்ற செய்தியையும் அடுத்தடுத்துப் பார்த்தோம். என் துணைவி விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துவிட்டாள். நான் மாவட்டவாரியாக எண்ணிக்கையைப் பார்த்துக்கொண்டே விடியும்வரை உட்கார்ந்திருந்தேன். அந்த வாரத்தின் கோபத்தில் நம் பக்கத்தினர் சிலர் கறுப்பின வாக்காளர்கள்மீது பழி போட்டார்கள். வாக்குச்சாவடி வாசலில் எடுத்த ஒரு கணிப்பு, அவர்களில் 70 விழுக்காட்டினர் எங்களுக்கு எதிராக வாக்களித்ததாகச் சொன்னதுதான் அதற்குக் காரணம். பின்னர் வாக்குகளை ஆராய்ந்தவர்கள் அந்த எண் மிகைப்பட்டது என்றும், உண்மையில் 60 விழுக்காட்டுக்குள்தான் இருந்திருக்கும் என்றும் காட்டினார்கள். ஆனால் சொன்ன சொல்லைத் திரும்ப எடுக்க முடியவில்லை. எங்கள் தரப்பில் நடந்தவற்றுள் நான் இன்றும் வெட்கப்படுவது இதற்குத்தான்.

நவம்பர் 15 அன்று நாடெங்கும் நடந்த ஊர்வலங்களில் நானும் கலந்துகொண்டேன். ஊர்வலம் மனத்துக்கு ஆறுதலாக இருந்தது என்பது உண்மை. ஆனால் அங்கே வந்தவர்கள் அனைவரும் ஏற்கெனவே எங்கள் பக்கம் இருந்தவர்கள். அடுத்த ஆண்டு லாஸ் ஏஞ்சலஸ் தன்பாலீர்ப்பினர் மையத்தில் டேவிட் ஃபிளைஷர் என்பவர் வேறொரு வேலையைத் தொடங்கியிருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். எங்களுக்கு எதிராக அதிகம் வாக்களித்த பகுதிகளைத் தேர்ந்தெடுத்து, வீடுவீடாகச் சென்று கதவைத் தட்டி, "ஏன் அப்படி வாக்களித்தீர்கள்?" என்று கேட்டுவிட்டு, அவர்கள் பேசுவதைக் கேட்பதே அந்த வேலை. எதிர்வாதம் செய்யக் கூடாது. தன்பாலினத் திருமணத்தை எவ்வளவு ஆதரிக்கிறீர்கள் என்று, பேச்சின் தொடக்கத்தில் பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண்ணைச் சொல்லச் சொல்வோம். முடிவில் மறுபடியும் கேட்போம்.

ஒரு சனிக்கிழமை, ஏறத்தாழ எழுபது வயதான ஓர் அம்மையார் மாவு ஒட்டிய கையோடு கதவைத் திறந்தார். மூன்று என்றார். தேவாலயத்தில் சொன்னதைத் தான் மீறுவதில்லை என்றும் சொன்னார். என் குடும்பத்தைப் பற்றி அவர் விசாரித்தபோது, 'பார்ட்னர்' இருக்கிறாள் என்றேன். "என்ன தொழில் செய்கிறீர்கள், கடையா?" என்று முகத்தில் உண்மையான ஆர்வத்தோடு கேட்டார். அப்போது எங்களுக்குச் சட்டப்படி இருந்தது 'பதிவு செய்த இணையர்' என்ற நிலை. மாநிலச் சட்டத்தில் கணவன் மனைவிக்குரிய ஏறக்குறைய எல்லா உரிமைகளும் அதில் இருந்தன. ஆனால் மருத்துவமனைக் கவுண்டரில் அந்தச் சொல்லை மூன்று முறை விளக்கிய பிறகுதான் என்னை உள்ளே விட்டார்கள் என்று அவரிடம் சொன்னேன். 'மனைவி' என்றிருந்தால் ஒரு முறைகூட விளக்க வேண்டியிருந்திருக்காது. அவர் சிறிது நேரம் கையிலிருந்த மாவை விரலால் உதிர்த்துக்கொண்டு நின்றார். பிறகு வீட்டுக்குள் திரும்பி, "இந்தப் பெண்ணை அந்தப் பெண்ணின் மனைவி என்று சொல்ல விடமாட்டேன் என்கிறார்களாம்" என்று யாரிடமோ உரக்கச் சொன்னார். கடைசியில் அவர் சொன்ன எண் ஐந்து. ஐந்து என்பது வாக்கு ஆகாது; இருந்தாலும் அன்று வீடு திரும்பும்போது என் மனம் நிறைந்திருந்தது.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். எங்கள் உரையாடல்களின் பலன் ஒன்பது மாதம்வரை நிலைப்பதாக 2014-இல் சயின்ஸ் இதழில் வந்த ஆய்வு, தரவுகள் நம்பத்தக்கவை அல்ல என்று தெரிந்து 2015-இல் திரும்பப் பெறப்பட்டது. எங்களுக்கு அது பேரிடி. அந்தக் கோளாறைக் கண்டுபிடித்தவர்களில் இருவரான புரூக்மனும் கல்லாவும், மயாமியில் திருநர் உரிமை பற்றி இதே முறையில் நடந்த உரையாடல்களைத் தாங்களே ஆராய்ந்து, ஏறத்தாழ பத்து நிமிடப் பேச்சின் தாக்கம் குறைந்தது மூன்று மாதமாவது நிற்கிறது என்று 2016-இல் வெளியிட்டார்கள். முந்தைய ஆய்வு சொன்ன அளவுக்குப் பெரிய வெற்றி இல்லை என்றாலும், வேலை வீண்போகவில்லை என்று நான் நம்புவதற்கு அது போதும்.

மயிலாடுதுறைக்காரன்:

அக்கா எழுதியதைப் படித்தபோது தொண்டை அடைத்தது. ஆனாலும் என் அனுபவம் சற்று வேறு என்பதால் எழுதுகிறேன்.

2008 ஜூன் மாத நடுவில் தன்பாலினத் திருமணத்துக்கான உரிமங்கள் கிடைக்கத் தொடங்கி, நவம்பர் தேர்தல்வரை ஏறத்தாழ 18,000 இணையர்கள் திருமணம் செய்துகொண்டார்கள். நாங்கள் அவர்களில் ஓர் இணையர். ஜூலையில் பதிவு செய்தோம். தேர்தலுக்குப் பிறகு ஆறு மாதத்துக்கும் மேலாக எங்கள் திருமணம் செல்லுமா என்பதே தெரியாது. 2009 மே 26 அன்று மாநில உச்ச நீதிமன்றம், புரொபசிஷன் 8 செல்லும், ஆனால் ஏற்கெனவே நடந்த திருமணங்களும் செல்லும் என்று தீர்ப்பளித்தது. எங்களுக்குக் கிடைத்த ஒன்று, பக்கத்து வீட்டில் பத்து ஆண்டுகளாகச் சேர்ந்து வாழும் இருவருக்குக் கிடையாது என்ற நிலை அன்று மாலை எங்களை மகிழ விடவில்லை.

இன்னொன்றும் இருந்தது. நான் எச்1பி விசாவில் இருந்தேன். என்னவர் அமெரிக்கக் குடிமகன். 1996-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டப்படி எங்கள் திருமணத்தை வாஷிங்டன் ஏற்கவில்லை என்பதால், அவர் எனக்கு கிரீன் கார்டுக்கு விண்ணப்பிக்க முடியாது. விசாவின் ஆறு ஆண்டுக் கெடு முடிந்தால் நான் ஊருக்குத் திரும்ப வேண்டும். இதை அலுவலகத்தில் மதிய உணவு மேசையில் வெளிப்படையாகச் சொன்னதுதான் என் முதல் செயல். என்னோடு நான்கு ஆண்டுகள் சேர்ந்து சாப்பிட்ட தமிழ் நண்பர் ஒருவர், புரொபசிஷன் 8-க்கு ஆதரவாக வாக்களித்ததாகவும், அது என்னைப் பற்றியது என்று தமக்குத் தெரியாது என்றும் சொன்னார். அவருக்குத் தெரியாமல் இருந்ததில் என் மௌனத்துக்கும் பங்கு உண்டு. எங்கள் தரப்பு விளம்பரங்களும் அந்தத் தவற்றையே செய்தன. இரு தரப்புமாக எட்டுக் கோடி டாலருக்கு மேல் செலவிட்ட தேர்தலில், எங்கள் விளம்பரங்களில் தன்பாலின இணையரின் முகத்தைக் காண்பதே அரிதாக இருந்தது. பிறகு அந்த நண்பரும் என்னோடு சேர்ந்து நாடாளுமன்ற உறுப்பினர் அலுவலகத்துக்கு வந்தார்.

இருந்தாலும், எங்களைக் காப்பாற்றியது நீதிமன்றமே என்பேன். 2010 ஆகஸ்ட் 4 அன்று மத்திய மாவட்ட நீதிமன்ற நீதிபதி வாக்கர் புரொபசிஷன் 8 அரசியலமைப்புக்கு விரோதமானது என்றார். 2013 ஜூன் 26 அன்று ஒரே நாளில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்திலிருந்து இரண்டு தீர்ப்புகள் வந்தன: ஒன்று 1996 சட்டத்தின் முக்கியப் பிரிவை வீழ்த்தியது; மற்றொன்று, மேல்முறையீடு செய்தவர்களுக்கு அதற்கான தகுதி இல்லை என்று சொல்லி வாக்கரின் தீர்ப்பை நிலைக்கவைத்தது. அடுத்த மாதமே என் கிரீன் கார்டு விண்ணப்பத்தை அனுப்பினோம். அடிப்படை உரிமை ஒன்றை வாக்குக்கு விடுவதே தவறு என்ற என் எண்ணம் இன்றுவரை மாறவில்லை.

போர்ட்லாந்துப் பனி:

மயிலாடுதுறை நண்பரின் கடைசி வாக்கியத்தை நானும் ஏற்கிறேன். ஆனால் நீதிமன்றமே காப்பாற்றியது என்பதை மெய்ன் மாநிலத்தில் வாழும் என்னால் முழுமையாக ஏற்க இயலாது. இங்கே 2009 மே 6 அன்று ஆளுநர் பால்டாச்சி கையெழுத்திட்ட திருமணச் சட்டத்தை, அது நடைமுறைக்கு வருமுன்பே, அதே நவம்பரில் ஏறத்தாழ 53 விழுக்காட்டினர் வாக்களித்து ரத்து செய்தார்கள். மூன்றே ஆண்டுகளில், 2012 நவம்பர் 6 அன்று, ஏறத்தாழ அதே 53 விழுக்காடு எங்கள் பக்கம் இருந்தது. எதிர்ப்பாளர்கள் கொண்டுவந்த வாக்கெடுப்பு அல்ல அது; நாங்களே கையெழுத்துத் திரட்டி வாக்குச்சீட்டில் ஏற்றியது. அதே இரவில் மேரிலாந்தும் வாஷிங்டன் மாநிலமும் திருமண உரிமைக்கு ஆதரவாக வாக்களித்தன. மினசோட்டா தடையை நிராகரித்தது.

இடைப்பட்ட ஆண்டுகளில் நான் செய்தது மிகச் சிறியது. குளிர்காலத்தில் வாரம் ஒரு மாலை, தொண்டர்களை என் காரில் கிராமங்களுக்கு அழைத்துச் சென்றேன். இங்கே நாலரை மணிக்கே இருட்டிவிடும். காலணியில் பனி ஒட்டியிருந்தால் யாரும் உள்ளே அழைக்கமாட்டார்கள் என்று எண்ணியிருந்தேன். அதைப் பார்த்ததாலேயே பலர் உள்ளே வரச் சொன்னார்கள். நாங்களும் 'உரிமை' என்ற சொல்லைக் குறைத்து, திருமணம் என்றால் என்ன என்பதைப் பற்றியே அதிகம் பேசினோம். அந்த மாற்றம் நல்ல பலனைத் தந்தது.

வைகைக்கரை:

மூவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. பாசதினா அக்காவிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். கதவு திறந்ததும் முதலில் என்ன சொல்வீர்கள்? எங்கள் கட்டடத்திலேயே நான் பேச வேண்டிய இரண்டு குடும்பங்கள் உண்டு. முதல் வாக்கியம்தான் எனக்கு வரவில்லை.

பழைய பாசதினாவாசி:

பெயரைச் சொல்லிவிட்டு, "உங்களுக்குத் திருமணம் ஆகிவிட்டதா? அந்த நாளைப் பற்றிக் கொஞ்சம் சொல்வீர்களா?" என்று கேளுங்கள். அவர்கள் பேசி முடிக்கும்வரை உங்கள் கதையைத் தொடங்காதீர்கள். இருவரும் சேர்ந்தே போங்கள். கையில் தாள் எதுவும் வேண்டாம்.