ஒரே நாளில் 185இலிருந்து 37க்கு விழுந்த பங்கு, இது அடிவிலையா? சார்ட் பார்க்கத் தெரிந்தவர்கள் சொல்லுங்கோ

கொக்குவில் தம்பி:

வணக்கம். கொழும்புப் பங்குச் சந்தையில் கணக்குத் திறந்து எட்டு மாதம்தான், சார்ட் பார்க்கப் பழகியதெல்லாம் யூடியூப்பில். ஒரு பங்கைக் கொஞ்ச நாளாகக் கவனித்து வருகிறேன். மூன்று வருடத்துக்கு முன் 92 ரூபாய், மெல்ல மெல்ல ஏறி 185 வரை வந்தது, ஆறு கிழமைக்கு முன் ஒரே நாளில் 37. நடுவில் ஒரு மெழுகுதிரிகூட (சார்ட்டில் ஒரு நாள் விலையைக் காட்டும் கட்டை) இல்லை, வெறும் இடைவெளி. இப்போது 41.

கடைசி 200 நாள் விலையின் சராசரிக் கோடு 150இல் நிற்கிறது, விலை அதற்கு எவ்வளவோ கீழே. ஆர்எஸ்ஐ (அண்மைய ஏற்ற இறக்கத்தின் வேகத்தை 0 முதல் 100 வரை காட்டும் எண், மிகக் குறைந்தால் அளவுக்கு மீறி விற்றுவிட்டார்கள் என்பார்கள்) விழுந்த அன்று 10க்கும் கீழே போனது. எனக்குப் பெரிதாகப் பட்டது வொல்யூம்தான். முன்பு நாளுக்குப் பத்தாயிரம் பங்கு கைமாறியது, விழுந்த நாளிலிருந்து ஐம்பதாயிரம். அடிவிலையில் யாரோ பெரிய கைகள் சேர்க்கின்றன என்று நினைக்கிறேன். அம்மா சீட்டு எடுத்த காசில் இரண்டு இலட்சம் தந்திருக்கிறார், நாளை காலை 9.30க்குச் சந்தை திறந்ததும் வாங்க ஓடர் போட்டு வைத்திருக்கிறேன். சரியா?

நெல்லியடி அக்கா:

தம்பி, முதலில் ஓடரை எடுத்துவிடுங்கோ. பிறகு 185ஐ 37ஆல் வகுத்துப் பாருங்கோ.

கொக்குவில் தம்பி:

எடுத்துவிட்டேன் அக்கா. சரியாக 5 வருகிறது. விளங்கவில்லையே.

சுன்னாகத்தார்:

பங்கைப் பிரித்திருக்கிறார்கள் தம்பி. ஒன்றை ஐந்தாக்கினால், 185 ரூபாய்ப் பங்கு ஒன்று வைத்திருந்தவரிடம் 37 ரூபாய்ப் பங்கு ஐந்து இருக்கும். அவருடைய காசில் ஒரு சதமும் குறையவில்லை. நீங்கள் பார்க்கிற ஆப் பழைய விலைகளைத் திருத்தாமல் அப்படியே விட்டிருக்கிறது, அவ்வளவுதான். சந்தையின் இணையத்தளத்தில் அந்தக் கம்பனியின் பக்கத்துக்குப் போய் அறிவித்தல்களைத் தேடுங்கள், பங்குப் பிரிப்பு என்று திகதியோடு இருக்கும்.

இப்போது நீங்கள் அடையாளம் என்று எழுதிய ஒவ்வொன்றையும் திரும்பப் பாருங்கள், எல்லாம் அந்த ஒரு பிழையில் இருந்துதான் வருகிறது. 200 நாள் சராசரியில் இன்னும் ஏறக்குறைய 170 நாள் பழைய விலைதான் கிடக்கிறது, அதனால்தான் கோடு 150இல். அந்த 170 நாளையும் ஐந்தால் வகுத்துப் போட்டால் கோடு 35க்குக் கிட்ட வந்துவிடும், அப்போது 41 கோட்டுக்கு மேலே. ஆர்எஸ்ஐயும் அப்படித்தான், ஒரே நாளில் 148 ரூபாய் நட்டம் என்று கணக்கெடுத்துவிட்டது. வொல்யூம்? முன்பு பத்தாயிரம் பங்கு விற்றவர்கள் இன்று அதே பெறுமதிக்கு ஐம்பதாயிரம் விற்கிறார்கள். ஒருவரும் புதிதாகச் சேர்க்கவில்லை.

ஆக, நீங்கள் அடி என்று நினைத்தது உச்சம். பழைய கணக்கில் 41 என்றால் 205. மூன்று வருடத்துக்கு முந்திய 92 இன்றைய கணக்கில் 18.40. இரண்டு மடங்குக்கு மேல் ஏறிய பங்கை, ஐந்தில் ஒன்றாய் விழுந்த பங்கு என்று வாங்கப் பார்த்தீர்கள். நானும் ஒரு காலத்தில் இப்படி ஒன்றை வாங்கி, ஏறும் ஏறும் என்று ஒன்றரை வருடம் பார்த்துக்கொண்டிருந்தவன், அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

கொக்குவில் தம்பி:

நெஞ்சு பதறிவிட்டது அண்ணை. மிக்க நன்றி. ஆனால் உண்மையாகவே விழுகிற நாளும் இருக்கிறதே, 2022இல் எல்லாம் விழுந்ததுதானே. சார்ட்டை மட்டும் வைத்து எப்படிப் பிரித்தறிவது?

நெல்லியடி அக்கா:

அதே திகதியில் முழுச் சந்தையும் ஏறியதா இறங்கியதா என்று காட்டும் சுட்டெண்ணைத் திறந்து பாருங்கோ. 2022 ஜனவரியில் அனைத்துப் பங்கு விலைச் சுட்டெண் 13,000ஐத் தாண்டி நின்றது, ஏப்ரல் முடிவில் 8,000க்கும் கீழே. ஏப்ரல் 18 முதல் 22 வரை சந்தையையே மூடி வைத்திருந்தார்கள், திறந்த அன்று ஏறக்குறைய எல்லாப் பங்கும் சேர்ந்து விழுந்தன. 2020லும் மார்ச்சில் மூடி மே மாதம்தான் திறந்தார்கள், சார்ட்டில் அந்த இரண்டு மாதமும் தெரியாது, இரண்டு மெழுகுதிரியும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். அதெல்லாம் உண்மையான வீழ்ச்சி. பிரிப்பு என்றால் அந்த ஒரு பங்கு மட்டும்தான் இறங்கும், வகுத்தால் 2, 4, 5, 10 என்று முழு எண்ணுக்குக் கிட்ட வரும், வொல்யூமும் அதே மடங்கில் கூடும்.

பங்கிலாபம் கழிகிற நாளையும் கவனியுங்கோ, அன்றிலிருந்து வாங்குகிறவருக்கு அந்தப் பங்கிலாபம் கிடைக்காது. ஆறு ரூபாய் பங்கிலாபம் என்றால் அன்று விலையும் ஏறக்குறைய அவ்வளவு இறங்கித் திறக்கும். போக்கு மாறிவிட்டது என்று பயந்து விற்கக் கூடாது.

மானிப்பாயான்:

நான் கொஞ்சம் மாறிச் சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். கொழும்பில் அரைவாசிப் பங்குக்குச் சார்ட்டே சரிவராது. சில பங்கில் நாளுக்கு மூன்று நான்கு கொடுக்கல் வாங்கல்தான், மெழுகுதிரிக்கு உடம்பே இல்லை, சின்னச் சின்னக் கோடாய்க் கிடக்கும். அங்கே நூறு பங்கு வாங்கியவர் ஒருவர் விலையை இரண்டு வீதம் தூக்கிவிடுவார், அதைப் பார்த்து உடைத்துக்கொண்டு மேலே போகிறது என்று சொல்ல முடியுமா? இன்னொன்று, ஒரே நாளில் வொல்யூம் கட்டை வானத்துக்குப் போய் நின்றால் அது பெரிய கை இன்னொரு பெரிய கைக்குப் பேசி மாற்றிய குறொஸிங்காக இருக்கலாம். எத்தனை கொடுக்கல் வாங்கல் நடந்தது என்ற எண்ணிக்கையையும் சேர்த்துப் பாருங்கள்.

சுன்னாகத்தார்:

மானிப்பாயார் சொல்வதை ஏற்கிறேன், ஆனால் நன்றாகக் கைமாறுகிற பங்குக்குச் சார்ட் உதவும். தம்பி, நாள் சார்ட்டை விட்டுக் கிழமைச் சார்ட்டைப் பாருங்கள். ஒவ்வொரு இறக்கமும் முந்திய இறக்கத்துக்கு மேலேயே நிற்கிறதா? அதுதான் ஏறுபோக்கு, மற்றக் கோடுகள் எல்லாம் பிறகு. அடுத்தது சுட்டெண்ணோடு ஒப்பிட வேண்டும். 2024 முடிவில் சுட்டெண் 16,000க்குக் கிட்ட, 2025இல் 20,000ஐத் தாண்டியது. மாரியில் எல்லாக் கிணறும் நிரம்பும், வைகாசியில் எந்தக் கிணற்றில் தண்ணீர் நிற்கிறது என்றுதான் நாங்கள் பார்ப்போம், இல்லையா. சுட்டெண் இறங்கிய கிழமைகளில் உங்கள் பங்கு எவ்வளவு இறங்கியது என்று எழுதி வையுங்கள்.

அப்புறம் செலவு. வாங்க 1.12 வீதம், விற்க 1.12 வீதம். இரண்டு இலட்சத்துக்கு வாங்கும்போதே 2,240 ரூபாய் போய்விடும், ஆகவே நாள் சார்ட்டின் சின்ன ஏற்ற இறக்கத்துக்கு ஓடி ஓடி வாங்கி விற்பது உங்கள் தொகைக்குச் சரிவராது.

கொக்குவில் தம்பி:

அறிவித்தல் கிடைத்துவிட்டது, ஒன்று ஐந்தாக, திகதியும் அந்த இடைவெளி விழுந்த நாளேதான். ஆப்பில் திருத்த வழி இல்லாததால் மூன்று வருடத் தரவை எக்செல்லில் இறக்கி, பிரிப்புக்கு முந்திய விலையை ஐந்தால் வகுத்து, வொல்யூமை ஐந்தால் பெருக்கி இரவு முழுக்க இருந்து கீறினேன். இடைவெளி மறைந்துவிட்டது, வொல்யூம் கட்டைகளும் சமமாகிவிட்டன. 18இல் தொடங்கி 41 வரை ஒரே ஏற்றம், கடைசி மூன்று கிழமையும் அதே இடத்தில் நிற்கிறது. அம்மாவுக்கும் காட்டினேன். காசு இப்போதைக்கு வங்கியிலேயே இருக்கட்டும் என்றார், சரி என்றேன்.

நெல்லியடி அக்கா:

நல்லது தம்பி. அடுத்த காலாண்டு அறிக்கை வந்ததும் இலாபத்தையும் பாருங்கோ. பிரித்த பிறகு ஒரு பங்குக்கான உழைப்பும் ஐந்தில் ஒன்றாய்த் தெரியும், முந்திய அறிக்கையோடு அதை அப்படியே ஒப்பிட்டுவிடாதையுங்கோ.