மகளுக்கு இயற்பியல்: பெரிய பல்கலையா, சின்னக் கல்லூரியா? மே 1-க்குள் சொல்ல வேண்டும்

மண்டபம் அம்மா:
எல்லாருக்கும் வணக்கம். நாங்கள் அமெரிக்கா வந்து இன்னும் வருஷம் திரும்பவில்லை. மகள் பன்னிரண்டாவது முடிக்கிறாள், இயற்பியல்தான் படிப்பேன், அப்புறம் பிஎச்டி என்று ஒரே பிடியாக நிற்கிறாள். ரெண்டு இடத்தில் கிடைத்திருக்கிறது. ஒன்று எல்லாருக்கும் பேர் தெரிந்த பெரிய பல்கலை, இன்னொன்று தள்ளி ஒரு சின்னக் கல்லூரி, அங்கே முதுநிலையே கிடையாதாம். மே 1-க்குள் முன்பணம் கட்ட வேண்டும். வீட்டுக்காரருக்கு வேலையில் வேறு நெருக்கடி, ராத்திரி தூக்கமே இல்லை. எதில் சேர்ப்பது?

தொண்டிக்காரன், ஸ்டுட்கார்ட்:
அக்கா, ரெண்டையும் விட்டுவிட்டு ஜெர்மனி அனுப்புங்கள். அரசுப் பல்கலைகளில் பெரும்பாலும் கல்விக் கட்டணமே கிடையாது, நான் இருக்கிற மாநிலத்தில் மட்டும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வரும் நம் மாதிரி ஆட்களுக்குப் பொதுவாக செமஸ்டருக்கு 1500 யூரோ. நான் வந்த முதல் குளிர்காலத்தில் அறை கிடைக்காமல் நண்பன் வீட்டுத் தரையில் படுத்தேன், நாலரை மணிக்கே இருட்டிவிடும், பேச்சுத்துணைக்கு ஆள் இல்லை. ஆனாலும் கடன் இல்லாமல் படித்தேன்.

கீழக்கரை லாத்தா, சிங்கப்பூர்:
தம்பி, அங்கே இளநிலை இயற்பியல் பெரும்பாலும் ஜெர்மன் மொழியில்தானே? அந்தப் பிள்ளை மொழி படித்து எப்போது சேர? சிங்கப்பூர் பக்கம் பாருங்கள். அரசின் கட்டண மானியம் வாங்கினால் செலவு நன்றாகக் குறையும், படித்து முடித்து மூன்று வருஷம் இங்கே வேலை பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

உச்சிப்புளி வாத்தியார்:
மூன்று வருஷம் வேலை பார்த்தால் அந்தப் பிள்ளை பிஎச்டிக்கு எப்போது போகும்? ஊருக்கு அனுப்புங்கள் அம்மா. பெங்களூரு ஐஐஎஸ்சியில் நான்கு வருஷப் பட்டம் இருக்கிறது, ஐசர் என்கிற மத்திய அரசின் அறிவியல் கல்வி நிறுவனங்களில் ஐந்து வருஷம். நம் கலாம் ஐயா ராமநாதபுரம் ஸ்வார்ட்ஸ் பள்ளியில் படித்து, திருச்சி செயின்ட் ஜோசப்பில் 1954-ல் இயற்பியல் முடித்தவர்தான். பேரும் கட்டடமும் பார்த்தா படித்தார்?

ஏர்வாடி மச்சான், நியூ ஜெர்சி:
சார், பேர் முக்கியம். பெரிய இடத்தில் நான்காம் வருஷமே முதுநிலைப் பாடம் எடுக்கலாம், சின்ன இடத்தில் அது எங்கே கிடைக்கும்? ஊரில் வேறு பார்க்கிறவர்கள் எல்லாம் ‘பிசிக்ஸ் படித்து டியூஷனா எடுக்கப் போறே’ என்று கேட்கிறார்கள். எனக்கு அதுதான் ஆத்திரம்.

தொண்டிக்காரன், ஸ்டுட்கார்ட்:
ஆமாம் மச்சான், என் மாமா இன்னும் கேட்கிறார். இங்கே நல்ல மீனும் கிடைக்காது, ஐஸில் வைத்த சீலா வாங்கிக் குழம்பு வைத்தால் வாசமே வராது.

கீழக்கரை லாத்தா, சிங்கப்பூர்:
மீனைப் பேச ஆரம்பித்தால் விடியாது தம்பி. வாடகை பாதி சம்பளத்தைத் தின்கிறது, அதைக் கேளுங்கள்.

தேவிபட்டினம் அக்கா, இல்லினாய்:
அந்த அம்மா ராத்திரி தூங்காமல் கேட்கிறார், நாம் மீனும் வாடகையும் பேசுகிறோம். அம்மா, முதலில் இதைச் சொல்லுங்கள்: மகள் எந்த விசா? வயசு என்ன?

மண்டபம் அம்மா:
வீட்டுக்காரர் எச்-1பி வேலை விசா, மகள் அவரைச் சார்ந்த எச்-4. வயசு 17.

தேவிபட்டினம் அக்கா, இல்லினாய்:
இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும், பாதி முடிவு இதில்தான் இருக்கிறது. எச்-4-ல் படிக்கலாம், சம்பாதிக்க முடியாது, லேபில் சம்பள வேலை தந்தாலும் வாங்கக் கூடாது. 21 வயசானால் அந்த விசா முடிந்துவிடும், அதற்குள் எஃப்-1 என்கிற மாணவர் விசாவுக்கு மாற வேண்டும். எஃப்-1 என்றால் வகுப்பு நடக்கும் நாட்களில் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம் வேலை பார்க்கலாம். எச்-4 பிள்ளைக்கு அந்த மாநிலத்துப் பிள்ளைகளுக்கான குறைந்த கட்டணமா, எஃப்-1 மாறினால் அது ஏறுமா என்று பெரிய பல்கலையில் எழுத்தில் கேளுங்கள், மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.

அடுத்தது கோடை ஆராய்ச்சி. என்எஸ்எஃப் என்கிற அமெரிக்க அரசின் அறிவியல் நிதி அமைப்பின் பணத்தில் நடக்கும் ஆர்இயூ என்ற இளநிலை மாணவர் ஆராய்ச்சித் திட்டங்கள் குடியுரிமையோ கிரீன் கார்டோ இருப்பவர்களுக்குத்தான். அதனால் மகளுக்கு ஆராய்ச்சி அனுபவம் சேர்கிற இடத்திலேயே கிடைத்தாக வேண்டும். பிஎச்டிக்கு விண்ணப்பிக்கும்போது வழக்கமாக மூன்று பரிந்துரைக் கடிதம் கேட்பார்கள். அவளோடு உட்கார்ந்து வேலை செய்த பேராசிரியர் எழுதினால்தான் அந்தக் கடிதத்துக்கு மதிப்பு. பெரிய இடத்தில் பேராசிரியரைச் சுற்றிப் பிஎச்டி மாணவர்கள் நிற்பார்கள், முதல் வருஷப் பிள்ளை தானே போய்க் கதவைத் தட்ட வேண்டும். முதுநிலை இல்லாத கல்லூரியில் லேப் வேலைக்கு இளநிலைப் பிள்ளைகள்தான் ஆள்.

ஆனால் சின்னத் துறைகளில் குவாண்டம், மின்காந்தவியல் மாதிரி மேல்வகுப்புப் பாடங்கள் சில சமயம் ஒரு வருஷம் விட்டு ஒரு வருஷம்தான் நடக்கும். விளம்பரத்தாளை விடுங்கள், கடந்த ரெண்டு வருஷப் பாட அட்டவணையைக் கேளுங்கள். கடந்த ஐந்து வருஷத்தில் அங்கே படித்து முடித்தவர்கள் எங்கே பிஎச்டி போனார்கள் என்றும் கேளுங்கள். மகளே எழுதட்டும்.

ஒன்று மட்டும் அழுத்திச் சொல்கிறேன், இளநிலைக்குப் பெரிய கடன் வாங்காதீர்கள். இங்கே இயற்பியல் பிஎச்டிக்குப் பொதுவாகக் கட்டணமும் இல்லை, உதவித்தொகையும் உண்டு, முதுநிலை முடித்துவிட்டுத்தான் சேர வேண்டும் என்றும் இல்லை. செலவு ஏறக்குறைய சமம், பாடமும் ஒழுங்காக நடக்கிறது என்றால் நான் சின்னக் கல்லூரியில்தான் சேர்ப்பேன்.

மண்டபம் அம்மா:
அவளே ரெண்டு துறைக்கும் எழுதினாள். சின்னக் கல்லூரியில் குவாண்டம் அவள் மூன்றாம் வருஷத்தில் வருமாம், கோடையில் லேபுக்கு எடுப்போம் என்றார்கள். பெரிய இடத்திலிருந்து கட்டணத்துக்குப் பதில் இல்லை.

தேவிபட்டினம் அக்கா, இல்லினாய்:
அந்தப் பதில் வராமல் பணம் கட்டாதீர்கள். சின்னக் கல்லூரிச் சேர்க்கை அலுவலகத்துக்கு இன்றே எழுதி, மே 1-க்கு மேல் ஒரு வாரம் அவகாசம் கேளுங்கள். கேட்டால் தருகிற இடங்கள் உண்டு.