நீர்கொழும்பில இருக்கிற அகமதியா குடும்பத்தை கனடாவுக்கு ஸ்பொன்சர் செய்யிறது எப்பிடி? தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ

வாவிக்கரையான், ஸ்காபரோ:

வணக்கம் உறவுகளே. கொஞ்சம் நீட்டாத்தான் எழுதப்போறன், பொறுத்துக்கொள்ளுங்கோ.

என்ர மாமி நீர்கொழும்பில இருக்கிறா. அவவின்ர வீட்டு மேல்மாடியில ஒரு பாகிஸ்தான் குடும்பம் வாடகைக்கு இருக்கினம், தாய் தேப்பன் மூண்டு பிள்ளையள். அகமதியா ஆக்கள், அதாவது தங்களை முஸ்லிம் எண்டு சொல்லுற, ஆனா பாகிஸ்தான் சட்டம் அப்பிடி ஏற்காத ஒரு பிரிவு. பஞ்சாப்பில சின்னக் கடை வச்சிருந்தவராம், கடைச் சுவரில கலிமா (இஸ்லாமிய உறுதிமொழி) எழுதின படம் மாட்டியிருந்ததுக்கு அவரில கேஸ் போட்டு, பிறகு கடையையும் உடைச்சு, 2018-ல எல்லாத்தையும் விட்டிட்டு வந்தவை. ஐநாவின்ர அகதிகள் அமைப்பான யூஎன்எச்சிஆர் அவையளை அகதி எண்டு ஏற்று சேர்ட்டிபிக்கேற் குடுத்திட்டுது. ஆனா இலங்கையில வேலை செய்ய ஏலாது, அங்கயே இருக்கவும் விடமாட்டினம், எந்த நாடு கூப்பிடும் எண்டு இத்தனை வருசமா பாத்துக்கொண்டு இருக்கினம். மூத்த பிள்ளைக்கு பதினைஞ்சு வயது, வந்த நாளில இருந்து ஒழுங்கான பள்ளிக்கூடம் இல்லை. போன தடவை நான் ஊருக்குப் போகேக்கை மாமியின்ர பேத்திக்கு அந்தப் பிள்ளைதான் கணக்கு சொல்லிக்குடுத்துக்கொண்டு இருந்தது.

இஞ்சை நானும் மனுசியும் மச்சானும் வேலையிடத்தில ரெண்டு பேரும் சேர்ந்து ஸ்பொன்சர் செய்வம் எண்டு முடிவெடுத்திட்டம். அஞ்சு பேர் சேர்ந்தா காணும் எண்டு கேள்விப்பட்டனாங்கள். இப்ப சிலர் அது பூட்டியாச்சு எண்டு சொல்லினம், உண்மையோ? மற்றது, ஒரு ஏஜென்ற் அந்தக் குடும்பத்திட்ட எண்ணாயிரம் டொலர் கேட்டிருக்கிறான், கட்டினா கனடாவில ஸ்பொன்சர் ஆக்களை தான் பிடிச்சுத் தாறனாம். காசு சேர்க்க கோஃபண்ட்மீயில அவையளின்ர படத்தையும் கதையையும் போடுவம் எண்டு யோசிச்சம், அது சரியோ? அனுபவம் உள்ள ஆக்கள் தயவுசெய்து சொல்லுங்கோ.

மார்க்கம் அக்கா:

தம்பி முதல்ல அந்த ஏஜென்ற்றுக்கு ஒரு சதமும் குடுக்க வேண்டாம் எண்டு இண்டைக்கே போன் எடுத்துச் சொல்லுங்கோ. ஸ்பொன்சர் செய்யிறதுக்கு அகதியிட்ட காசு வாங்கவே கூடாது, அது கனடாவின்ர விதி. அவையள் கட்டினது பிறகு தெரியவந்தா அவையளின்ர கேஸ்தான் பழுதாப்போகும், ஏஜென்ற் போய்க்கொண்டே இருப்பான்.

படமும் போட வேண்டாம். கோஃபண்ட்மீ, பேஸ்புக், வட்ஸ்அப் குரூப் ஒண்டிலயும் வேண்டாம். பாகிஸ்தானில அவருக்கு தாய் தேப்பன் சகோதரம் இன்னும் இருக்கும் எல்லோ? 1974-ல அரசியல் சட்டத்தைத் திருத்தி இவையளை முஸ்லிம் இல்லை எண்டு ஆக்கினவங்கள், 1984-ல அப்ப இராணுவ ஆட்சி நடத்தின ஜியா உல் ஹக் கொண்டுவந்த சட்டத்தால தங்களை முஸ்லிம் எண்டு சொன்னாலோ பாங்கு சொன்னாலோ தொழுற இடத்தை மசூதி எண்டு கூப்பிட்டாலோ மூண்டு வருசம் வரை மறியல். பாகிஸ்தான் தண்டனைச் சட்டத்தில இருக்கிற 298-சி எண்டுறது அதாலை வந்த பிரிவுதான். இஞ்சை நீங்கள் நல்லெண்ணத்தில எழுதிற ஒரு வரி அங்கை ஆரோ ஒருத்தர்ட கையில கேஸ் ஆகும். 2010 மே 28-ல லாகூரில வெள்ளிக்கிழமை தொழுகை நேரம் ரெண்டு அகமதியா மசூதியில சுட்டு 80 பேருக்கு மேல செத்தவை. அதாலை பெயர், ஊர், படம் ஒண்டும் வெளிய வராமல் தெரிஞ்ச ஆக்களிட்ட நேர கேட்டு காசு சேருங்கோ.

இனி உங்கட கேள்வி. அஞ்சு பேர் குழு எண்ட வழி உண்மையில இருந்தது, அகதி எண்டு யூஎன்எச்சிஆரோ ஒரு நாட்டு அரசாங்கமோ ஏற்ற கடுதாசி இருந்தா போடலாம். ஆனா விண்ணப்பங்கள் குவிஞ்சுபோய் 2024 நவம்பர் 29-ல இருந்து அந்த வழியில புதுசா எடுக்கிறதை நிப்பாட்டினவங்கள். திரும்பத் திறந்திருக்கோ எண்டு கனடா குடிவரவுத் திணைக்களத்தின்ர (ஐஆர்சிசி) தளத்தில நீங்களே பாருங்கோ, ஆர்ர வாயையும் நம்பாதேங்கோ. அது பூட்டியிருந்தா மற்ற வழி, அரசாங்கத்தோட ஏற்கெனவே ஒப்பந்தம் எழுதி வச்சிருக்கிற அமைப்புகளுக்குள்ளால போறது. எஸ்ஏஎச் எண்டு சொல்லுவினம். ரொறொன்ரோ கத்தோலிக்க மறைமாவட்டம், அங்கிலிக்கன் மறைமாவட்டம், யுனைற்றட் சேர்ச், மெனனைற் ஆக்கள் எண்டு நூறுக்கு மேல இருக்கு. உங்கட அஞ்சு பேரும் அவையளோட கூட்டு ஸ்பொன்சரா நிண்டு காசையும் வேலையையும் பொறுப்பெடுக்கலாம். வருசத்துக்கு இத்தனை பேர்தான் எண்டு ஒவ்வொரு அமைப்புக்கும் கணக்கு இருக்கு, அதாலை ஒண்டு இல்லையெண்டா அடுத்ததைக் கேக்கவேணும், மூண்டு இடம் கேட்டிட்டு விடாதேங்கோ.

முதல்ல மேப்பிளில ஜேன் ஸ்ட்ரீற்றில இருக்கிற பைத்துல் இஸ்லாம் மசூதிக்குப் போங்கோ. கனடாவில அகமதியா ஆக்களுக்கு அதுதான் பெரிய இடம். அவையளுக்கு நீர்கொழும்பு நிலவரம் எங்களைவிட வடிவாத் தெரியும், வந்து இறங்கின பிறகும் அந்தக் குடும்பத்துக்கு சொந்தம் மாதிரி அவையள்தான் நிப்பினம்.

நாங்கள் 2016-ல ஒரு சிரியாக் குடும்பத்தை எடுத்தனாங்கள். அதில கண்டது, கடுதாசி வேலை பாதிதான். வந்த பிறகு ஒரு வருசம் வாடகை, சாப்பாடு, உடுப்பு எல்லாம் உங்கட பொறுப்பு, கையெழுத்து வைக்கிறதே அதுக்குத்தான். கிரெடிற் ஹிஸ்ற்றரி இல்லாத அஞ்சு பேர் குடும்பத்துக்கு ரொறொன்ரோவில ஆர் வீடு தருவினம்? உங்களில ஒராள் வாடகை ஒப்பந்தத்தில அவையளோட சேர்ந்து கையெழுத்து வைக்கவேணும். அதை இப்பவே வீட்டில மனுசியோட கதைச்சு முடிவெடுங்கோ.

நெய்தல்:

நான் நீர்கொழும்புதான், இப்ப இத்தாலியில இருக்கிறன். 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்பில ஒண்டு நடந்தது எங்கட கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் கோயில்ல. எனக்குத் தெரிஞ்ச எத்தினையோ பேர் அண்டைக்குப் போயிட்டினம். அந்தக் கோபம் எங்க திரும்பினது எண்டா இந்த அகதிகள் மேல. அகமதியா ஆக்களுக்கும் ஆப்கான் ஆக்களுக்கும் குண்டு வச்சவனுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, அவங்களே அந்த மாதிரி ஆக்களுக்குப் பயந்து ஓடி வந்தவங்க. ஆனா வீட்டுக்காரர் எல்லாம் எழும்புங்க எண்டு சொல்லிட்டாங்க. கிட்டத்தட்ட ஆயிரம் பேர், நீர்கொழும்பில அவங்கட மசூதிலயும் பஸ்யாலை எண்ட ஊரிலயும் பொலிஸ் ஸ்டேசன் கராஜிலயும் கிடந்தாங்க. கைக்குழந்தையோட கராஜ் தரையில. வேற ஊருக்குக் கொண்டுபோனா அங்கயும் சனம் வேண்டாம் எண்டுச்சு. கடைசியா கொஞ்சப் பேரை வவுனியா பூந்தோட்டத்தில கொண்டுபோய் வச்சாங்க.

அதனால இந்தப் பிள்ளைகளுக்கு பயம் பாகிஸ்தானோட முடியல. உங்க மாமி வீடு குடுத்து வச்சிருக்கிறது எவ்வளவு பெரிய விசயம் எண்டு அவங்ககிட்ட சொல்லுங்க. விண்ணப்பத்தில 2019-ல எங்க இருந்தாங்க, எத்தினை தரம் இடம் மாறினாங்க எண்டு கட்டாயம் எழுதச் சொல்லுங்க. இலங்கையில நிம்மதியா இருக்க ஏலாது எண்டுறதுக்கு அதைவிட சாட்சி வேணாம்.

தென்மராட்சி:

நான் ஆரையும் நோகடிக்க எழுதேல்லை, ஆனா மனசில கிடக்கிறதைச் சொல்லவேணும். தமிழ்நாட்டு முகாமில எங்கட சனம் முப்பது நாப்பது வருசமாக் கிடக்குது, அங்கயே பிறந்த பிள்ளையளில கனபேருக்கும் இந்தியக் குடியுரிமை இல்லை. என்ர சித்தப்பா முகாமிலதான் செத்தவர். எங்களிட்ட காசும் மனசும் இருந்தா முதல்ல அதுகளைப் பாக்கக் கூடாதோ?

வாவிக்கரையான், ஸ்காபரோ:

அண்ணை நீங்கள் சொல்லுறதில ஒரு பிழையும் இல்லை, சித்தப்பாவைப் பற்றிக் கேக்க கவலையாக் கிடக்கு. முகாம் சனத்துக்கு ஒரு வழி இருந்தா அதிலயும் என்ர பேரைப் போடுங்கோ, உண்மையாத்தான் சொல்லுறன். ஆனா என்ர அப்பா 1986 ஆகஸ்ற்றில கனடாவின்ர நியூபவுண்ட்லாந்துக் கடலில மிதந்த அந்த 155 தமிழரில ஒராள். ரெண்டு உயிர்காப்புப் படகில கிடந்த ஆக்களை மீன்பிடிக்காரர்தான் ஏத்தினவை. அவையளுக்கு தமிழர் எண்டா ஆரெண்டே தெரியாது. ஜேர்மனியில இருந்து வந்ததை மறைச்சவை எண்டு தெரியவந்த உடனை பேப்பரில எவ்வளவோ எழுதினவங்கள், திருப்பி அனுப்பு எண்டு கத்தினவங்கள், அப்பிடியும் அப்ப பிரதமரா இருந்த மல்ரோனியின்ர அரசாங்கம் இருக்க விட்டது. எங்கட முறை வந்தது எண்டு எனக்குப் படுது, மாமி வீட்டு மேல்மாடியிலயே வந்து நிக்குது, அதை விட்டிட்டு நான் எங்கை போறது.

செந்தில், மிஸிசாகா:

நான் தஞ்சாவூர் பக்கம், இங்க புதுசா வர்றவங்களுக்கு உதவுற ஒரு நிறுவனத்துல வேலை பாக்குறேன். தென்மராட்சி அண்ணன் கேட்டதுக்கு ஒரு விளக்கம் மட்டும். முகாம்ல இருக்கிறவங்களை இந்திய அரசாங்கம்தான் பதிவு பண்ணி வச்சிருக்கு, யூஎன்எச்சிஆர் இல்ல, அதனால அவங்க விசயத்துல கடுதாசி வேற மாதிரி, அதைத் தனியா ஒரு திரில பேசணும், நான் வர்றேன். இதுக்கும் அதுக்கும் போட்டி கிடையாது.

இப்ப ஃபாரம் பத்தி. நிறைய கேஸ் அடிபடறது ஃபாரத்துலதான். செடியூல் ஏ-ன்னு ஒண்ணு வரும், கடைசி பத்து வருசம் எங்க இருந்தீங்க என்ன செஞ்சீங்கன்னு மாசக்கணக்குல கேக்கும், ஒரு மாசம் கூட இடைவெளி இருக்கக் கூடாது. நீர்கொழும்புல சும்மா உக்காந்திருந்த வருசங்களை காலியா விட்றாங்க. விடக் கூடாது. வேலை இல்ல, யூஎன்எச்சிஆர் பதிவுல அகதியா இருந்தேன்னு எழுதணும்.

செடியூல் 2-லதான் அவங்க கதை. அதை நீங்க அழகா எழுதித் தரணும்னு நினைக்காதீங்க. யூஎன்எச்சிஆர் கிட்ட முன்னாடி என்ன சொன்னாங்களோ அந்தத் தேதி, அந்த ஊர், அந்த வரிசை மாறவே கூடாது, அவங்க வாயால சொன்னதை அப்படியே மொழிபெயர்க்கணும். யூஎன்எச்சிஆர் ஏத்துக்கிட்டாலும் கனடா விசா ஆபீசர் தானா இன்டர்வியூ எடுத்து தானாத்தான் முடிவு பண்ணுவாரு. புருசனைத் தனியா மனைவியைத் தனியா கூட கேக்கலாம். நம்ம எழுதிக் குடுத்த அலங்காரம் அவங்க வாயில வராது, அங்கதான் சந்தேகம் வரும். ஒருவேளை மறுத்துட்டா அப்பீல்னு தனியா கிடையாது, ஃபெடரல் கோர்ட்டுக்குத்தான் போகணும், வெளிநாட்டுல எடுத்த முடிவுன்னா 60 நாளுக்குள்ள. கடிதம் வந்த அன்னைக்கே வக்கீலைப் பாருங்க.

குடும்பத்துல ஒருத்தர் பேர் கூட விடக் கூடாது. மனைவி, பிள்ளைங்க, இப்ப அவங்களோட சேர்ந்து இல்லாத பிள்ளை இருந்தா அதுவும். இப்ப சொல்லாம விட்டா பின்னாடி அவங்களைக் கூப்பிடறது ரொம்பக் கஷ்டம். நடுவுல குழந்தை பிறந்தாலும் உடனே தெரிவிக்கணும்.

டிக்கெட் செலவுக்கு அரசாங்கமே கடன் குடுக்கும், பயணத்தை ஐஓஎம்-ங்கிற ஐநா இடம்பெயர்வு அமைப்பு ஏற்பாடு பண்ணும். 2018-ல இருந்து அந்தக் கடனுக்கு வட்டி கிடையாது, வந்து ஒரு வருசம் கழிச்சுத்தான் கட்ட ஆரம்பிக்கணும். உங்க குழுவால முடிஞ்சா அந்த டிக்கெட் காசை நீங்களே போட்டுடுங்க, அஞ்சு பேருக்கும் சேத்து பெரிய தொகை, புதுசா வேலை தேடற குடும்பத்து தலையில அது வேணாம். இறங்கின உடனேயே பிஆர் (நிரந்தரக் குடியிருப்பு உரிமை), மருத்துவச் செலவுக்கு ஐஎஃப்எச்பி-ங்கிற மத்திய அரசோட இடைக்காலக் காப்பீடு, அதோட ஓஹிப்-ங்கிற ஒன்டாரியோ மாகாணக் காப்பீடு.

இன்னொண்ணு, உருது மொழிபெயர்ப்பாளர் யாருன்னு அந்தக் குடும்பத்துக்கிட்ட கேட்டுட்டு வைங்க. பாகிஸ்தான்காரர்னா போதும்னு யாரையாவது கூட்டிட்டு வந்தா, அவரு அகமதியாக்களைப் பத்தி என்ன நினைக்கிறவர்னு தெரியாம அந்த அம்மா வாயே திறக்க மாட்டாங்க. வீடு பாக்குறப்பவும் எந்த ஏரியா வேணும்னு அவங்களையே கேளுங்க.

வாவிக்கரையான், ஸ்காபரோ:

எல்லாருக்கும் கோடி நன்றி. ஏஜென்ற்றுக்கு குடுக்க வேண்டாம் எண்டு சொல்லியாச்சு, நல்ல காலம் இன்னும் கட்டேல்லை. கோஃபண்ட்மீ எண்ணத்தையும் விட்டிட்டம். சனிக்கிழமை மேப்பிளுக்குப் போறன், மச்சானும் வாறார். ஒண்டு மட்டும் கேக்கிறன் அக்கா, அவையளிட்ட எப்ப வருவியள் எண்டு என்ன சொல்லுறது? ஒவ்வொரு முறை போன் எடுக்கேக்கையும் சின்னவன் கேக்கிறான், கனடாவில பள்ளிக்கூடம் எப்ப தொடங்கும் எண்டு.

மார்க்கம் அக்கா:

தேதி சொல்லாதேங்கோ தம்பி, ஒரு மாதம் கூடச் சொல்லாதேங்கோ. வருசக்கணக்கில இழுபடுற விசயம் இது, இப்ப வரிசையில நிக்கிறவையே எத்தனையோ ஆயிரம் பேர். விண்ணப்பம் இன்ன இடத்தில நிக்குது, இதுக்கு மேல எங்களுக்குத் தெரியாது எண்டு உள்ளதைச் சொல்லுங்கோ. பொய் நம்பிக்கை குடுத்தா அந்த மனுசன் இருக்கிற ரெண்டு சாமானையும் வித்துப்போட்டு இருப்பார்.

பிள்ளைக்கு காத்திருக்கத் தேவையில்லை, படிப்பை இப்பவே தொடங்கலாம். மாமியின்ர வீட்டில ஒரு இன்ரர்நெற் லைனும் பழைய லாப்ரொப்பும் குடுத்து, உங்கட குழுவில ஒராள் கிழமையில ரெண்டு நாள் சூமில இங்கிலீசும் கணக்கும் சொல்லிக்குடுங்கோ. என்ர மகள் யோர்க்கில படிக்கிறா, அவ மூத்த பிள்ளைக்கு கணக்கு எடுக்கிறன் எண்டு சொல்லிறா. தனிமடலில நம்பர் போடுங்கோ, இலங்கை நேரத்துக்கு பின்னேரம் ஆறு மணி சரிவருமோ எண்டு மாமியிட்ட கேட்டுச் சொல்லுங்கோ.