ஆர்கன்ல உக்காந்திருந்த பாஸ்டரம்மா

பெரிய அக்கா: எல்லாரும் முழிச்சிருக்கீங்களா? ஒரு ஹெல்ப் வேணும். வர்ற ஞாயிறு பெண்கள் ஐக்கியத்துல எனக்கு 10 நிமிசம் குடுத்திருக்காங்க, ஊழியக்காரர் வீடுன்னு தலைப்பு. நான் அமெரிக்காவுல கறுப்பின மக்கள் உரிமைக்கு போராடுன மார்ட்டின் லூதர் கிங்கோட அப்பா அம்மாவ பத்தி பேசலாம்னு எழுதிட்டு இருக்கேன்

தம்பி கோவை: கிங் கதை தெரியாதவங்க யாருக்கா இருக்காங்க

பெரிய அக்கா: மகனத்தான்டா தெரியும். அப்பா பாஸ்டர்னு எத்தன பேருக்கு தெரியும்? அட்லாண்டாவுல எபனேசர் பாப்டிஸ்ட் சர்ச், 1931லேர்ந்து 1975 வரைக்கும் அவர்தான் பாஸ்டர். அதுக்கு முன்னாடி அவரோட மாமனார் வில்லியம்ஸ், அவரு 1894லேர்ந்து. மாமனாரு, மருமகன், பேரன் மூணு பேரும் ஒரே சபை

நான்: அப்பா பேரும் மார்ட்டின் லூதர் தானே?

பெரிய அக்கா: பொறந்தப்ப மைக்கேல். 1934ல பெர்லின்ல உலக பாப்டிஸ்ட் மாநாடு நடந்துச்சு, அதுக்கு போயிட்டு வந்தப்புறம் தன் பேரையும் மகன் பேரையும் மார்ட்டின் லூதர்னு மாத்திக்கிட்டாரு. மகனுக்கு அப்ப அஞ்சு வயசு. வீட்ல எம்.எல்.னு தான் கூப்பிடுவாங்களாம்

பெரியப்பா: மக்களே, அவரு வந்த வழிய மொதல்ல சொல்லு. ஜார்ஜியாவுல ஸ்டாக்பிரிட்ஜ்னு ஊரு, அடுத்தவன் நெலத்துல விளைச்சல்ல பங்குக்கு பருத்தி போட்ட குடும்பம். வருசக் கடைசியில நெலக்காரன் கணக்கு முடிக்கும்போது இந்தப் பையன் பக்கத்துல நின்னுகிட்டு அப்பா பருத்திக்கொட்டை காசையும் கேளுங்கன்னு சொல்லிட்டான், அதோட அந்த நெலத்துல அவங்களுக்கு இடமில்லாம போச்சு. தகப்பன் குடிப்பாரு, அம்மாவ அடிச்சப்ப குறுக்க போயி தகப்பனோட மல்லுக்கு நின்னவன். பொறவு அட்லாண்டாவுக்கு வந்து ரயில்வே வேலையெல்லாம் பாத்திருக்கான். எழுத்து சரியா வராது, 20 வயசு வாக்குல அஞ்சாங்கிளாஸ்ல உக்கார வச்சாங்க. அந்த வெக்கத்த முழுங்கிகிட்டு பகல்ல வேல ராத்திரி படிப்புன்னு படிச்சி மோர்ஹவுஸ் காலேஜ்ல சேந்து 1930ல பட்டம் வாங்கினாரு. நான் பைபிள் காலேஜ்ல சேந்தப்ப எனக்கு இங்கிலீஷ் வராது பாத்துக்க, அப்ப எங்க வாத்தியார் சொன்ன கதை இது. இன்னும் மறக்கல

மைனி: பெரிய மாமா இத நீங்க சொன்னதே இல்லியே 🙏

தம்பி கோவை: அப்ப கல்யாணம் பண்ணுனப்ப காலேஜ் ஸ்டூடன்ட்டா?

பெரிய அக்கா: ஆமா. ஆல்பர்ட்டா அம்மா பாஸ்டர் வில்லியம்ஸோட மக, நல்லா படிச்சவங்க, டீச்சர் சர்டிபிகேட் வாங்கினவங்க. 1926 நவம்பர் 25ல கல்யாணம். கல்யாணம் ஆன பொம்பளைங்க டீச்சரா இருக்கக் கூடாதுன்னு அப்ப அங்க ரூல், அதனால வேலைய விட்டாங்க. 1927ல கிறிஸ்டின், 1929ல எம்.எல்., 1930ல ஏ.டி., மூணு பேரும் ஆபர்ன் அவென்யூ வீட்டு மாடியிலயே பொறந்தவங்க. அப்புறம் 1932லேர்ந்து சபையில ஆர்கன் வாசிச்சாங்க. 40 வருசத்துக்கு மேல. பாடகர் குழுவ உருவாக்கினதும் அவங்கதான்

மைனி: நம்ம அத்தை மாதிரியே. டீச்சர் வேலைய விட்டது, ஆர்மோனியம், குவயர் எல்லாமே

பெரியம்மா: என்னைய அவங்களோட சேக்காத மக்களே. நான் வாசிச்சது காலால மிதிக்கிற ஆர்மோனியம், மழக்காலத்துல ரெண்டு கட்டை அமுங்குனா எந்திரிக்காது, விரலால தூக்கி விட்டுகிட்டே வாசிக்கணும்

நான்: பெரியம்மா அந்த ஆர்மோனியத்துக்கு பின்னாடி உக்காந்துதான் நான் பாட்டு படிச்சேன்

தம்பி கோவை: அந்த ஷூ கடை விசயம் இவர் தானே அக்கா

பெரிய அக்கா: இவரேதான். எம்.எல்.லுக்கு ஷூ வாங்க போயி முன்னாடி சீட்ல உக்காந்தாங்க. கடைக்காரப் பையன் பின்னாடி போயி உக்காருங்க அங்க வந்து தாரேங்குறான். இங்க உக்காந்துதான் வாங்குவோம், இல்லன்னா வேணாம்னுட்டு மகன் கையப் பிடிச்சிகிட்டு வெளிய வந்துட்டாரு. இன்னொரு நாள் கார நிறுத்துன போலீஸ்காரன் இவர பாத்து பையான்னு கூப்பிட்டான், பக்கத்துல இருந்த மகனைக் காட்டி இவன்தான் பையன் நான் பெரிய மனுசன்னு சொல்லியிருக்காரு. ரெண்டையும் மகனே எழுதி வச்சிருக்காரு. 1930கள்ல ஓட்டுரிமைக்காக நூத்துக்கணக்கான ஜனங்கள கூட்டிகிட்டு அட்லாண்டா சிட்டி ஹாலுக்கு நடந்தாரு, கறுப்பின டீச்சர்களுக்கு வெள்ளைக்கார டீச்சர் சம்பளமே வேணும்னும் போராடினாரு. மகன் தெருவுல இறங்குறதுக்கு இருபது வருசம் முன்னாடியே

பெரியப்பா: பெல்ட் எடுத்து அடிப்பாரு, அதையும் சொல்லணும் மக்களே. வீட்ல அவரு வச்சதுதான் சட்டம். நல்லத மட்டும் சொன்னா பாஸ்டர் பிள்ளைங்க நம்ப மாட்டாங்க, அவங்களுக்கு உள்ள தெரியும். நானும் என் பிள்ளைங்கள சபைக்கு முன்னால அழகா இருக்கணும்னு ரொம்ப கண்டிச்சேன், இப்ப நினைச்சா வலிக்கி

பெரியம்மா: சரி, அத இப்ப எதுக்கு. பிள்ளைங்க நல்லா இருக்காங்க

பெரிய அக்கா: இனிமேதான் எனக்கு எழுத வரல. 1968 ஏப்ரல் 4 எம்.எல். சுடப்பட்டாரு. அடுத்த வருசம் ஜூலை 21, நிலாவுல மனுசன் இறங்குன மறுநாள், ஏ.டி. அவங்க வீட்டு நீச்சல் குளத்துல இறந்து கெடந்தாரு. அவரும் பாஸ்டர், அண்ணனுக்கு அப்புறம் எபனேசர்ல அப்பாவோட சேந்து ஊழியம் பாத்தவரு. பதினஞ்சு மாசத்துல ரெண்டு மகன். அதுக்கப்புறமும் அப்பாவும் அம்மாவும் ஒவ்வொரு ஞாயிறும் அதே கோயிலுக்கு வந்திருக்காங்க

மைனி: எப்படித்தான் தாங்குனாங்களோ

பெரிய அக்கா: 1974 ஜூன் 30, ஞாயிறு ஆராதனை. அம்மா ஆர்கன்ல இருக்காங்க, வயசு 69. உள்ள உக்காந்திருந்த ஒரு 23 வயசு பையன் எந்திரிச்சு துப்பாக்கிய எடுத்து சுட்டுட்டான். அவங்களும் ஒரு டீக்கனும் செத்துட்டாங்க. அவன் குறி வச்சு வந்தது பாஸ்டர் ஐயாவத்தான், அம்மா கிட்டத்துல இருந்தாங்கன்னு அவங்கள சுட்டேன்னு போலீஸ்ல சொல்லியிருக்கான்

நான்: ...

தம்பி கோவை: இது எனக்கு தெரியவே தெரியாதுக்கா. சத்தியமா தெரியாது

பெரியம்மா: என்ன பாட்டு வாசிச்சிட்டு இருந்தாங்க?

பெரிய அக்கா: பரமண்டல ஜெபம் பெரியம்மா

பெரியம்மா: ம்

பெரியம்மா: நான் வாசிக்கும்போது ஆளுங்க எல்லாம் முதுகுக்குப் பின்னாலதான் இருப்பாங்க. யாரு வாறா யாரு போறான்னு தெரியாது, பெரியப்பா தொண்டைய செருமினா ஜெபம் முடியப் போகுதுன்னு தெரியும் அவ்ளோதான். அம்பது பேரு பின்னால இருக்காங்கங்குறதே ஒரு தைரியம். அந்தம்மாவுக்கும் அப்படித்தான இருந்திருக்கும்

பெரியப்பா: அந்தப் பையனுக்கு மரண தண்டன குடுத்தாங்க. குடும்பம் வேண்டாம்னுச்சு, அதுவும் ஒரு காரணமா இருந்து 1995ல ஆயுள் தண்டனையா மாத்தினாங்க. பாஸ்டர் கிங் எழுதுனது நான் படிச்சிருக்கேன், தான் வெறுக்க வேண்டிய ஆளுங்க ரெண்டு பேரு, மகனைக் கொன்னவன் வெள்ளை, மனைவியக் கொன்னவன் கறுப்பு, ரெண்டு பேரையும் நான் வெறுக்கல அதுக்கு நேரமும் இல்ல காரணமும் இல்லன்னு. இருபது தடவ பிரசங்கத்துல சொல்லியிருப்பேன். ஆனா ஒண்ணு சொல்லுதேன், உங்க பெரியம்மாவுக்கு அப்படி நடந்திருந்தா அடுத்த ஞாயிறு நான் பீடத்துல ஏறியிருப்பேனான்னு எனக்கு தெரியாது

மைனி: மாமா 😢

பெரிய அக்கா: அவரு அடுத்த வருசம் வரைக்கும் பாஸ்டரா இருந்துட்டுத்தான் பெரியப்பா ரிட்டயர் ஆனாரு. 1984 நவம்பர் 11ல இறந்தாரு. கிறிஸ்டின் அம்மா மட்டும் 2023 வரைக்கும் இருந்தாங்க, ஸ்பெல்மன் காலேஜ்ல ஐம்பது வருசத்துக்கு மேல பாடம் நடத்தினவங்க. அப்பா அம்மா தம்பிங்க எல்லாரையும் அடக்கம் பண்ணிட்டு அந்த வீட்டுக் கதைய சொல்ல மிச்சம் இருந்தது அவங்க ஒருத்தர்தான்

தம்பி கோவை: நம்ம ஊருக்கு கிங் வந்தாருன்னு சொல்வாங்களே, அது உண்மையா பெரியப்பா?

பெரியப்பா: உண்மைதாம்லே. 1959 பிப்ரவரி 22, அவரும் கொரெட்டா அம்மாவும் திருவனந்தபுரத்துலேர்ந்து கன்னியாகுமரி வந்தாங்க. பாறையில உக்காந்து ஒரு பக்கம் சூரியன் இறங்குறதையும் இன்னொரு பக்கம் நிலா ஏறுறதையும் பாத்தாங்க. மாவட்டம் மெட்ராஸ் ராஜ்ஜியத்தோட சேந்து ரெண்டே கால் வருசம்தான் ஆயிருந்துச்சு

நான்: நாம சாயங்காலம் சுண்டல் வாங்கித் தின்ன கடற்கரை!

பெரிய அக்கா: அத என் பேச்சுல கடைசியா வைக்கலாமா? இல்ல அந்தம்மாவோடயே முடிச்சிரட்டுமா

பெரியம்மா: அந்தம்மாவோட முடி. நீ பேசி உக்காந்ததும் நான் பரமண்டல ஜெபம் வாசிக்கேன். யாரும் பாட வேண்டாம், வெறும் வாசிப்பு மட்டும்

பெரிய அக்கா: உங்களுக்கு மூட்டு வலின்னு சொன்னீங்களே பெரியம்மா

பெரியம்மா: விரல் நல்லாத்தான் இருக்கு. சி மேஜர்ல வாசிக்கேன். தம்பிய சனிக்கிழம வந்து கீபோர்டு ஸ்டாண்ட கொஞ்சம் திருப்பி வைக்கச் சொல்லு, சபைய பாத்த மாதிரி

தம்பி கோவை: வெள்ளி ராத்திரி பஸ் ஏறிட்டேன்னு வச்சிக்கோங்க பெரியம்மா