விளையாட்டு வழிச் சிகிச்சை: மதுரையில் வழிகாட்டுதல் வேண்டுகிறேன்

வணக்கம். நாங்கள் திருப்பரங்குன்றத்தில் வசிக்கிறோம். என் மாமியார் காலமானதிலிருந்து, அவர் மடியிலேயே வளர்ந்த எங்கள் ஆறு வயது மகள் அழுவதுமில்லை, அவரைப் பற்றிப் பேசுவதுமில்லை. சொப்புச் சாமான் விளையாட்டில் மட்டும் ஒரு பொம்மையைத் துண்டால் போர்த்திப் படுக்கவைத்து, "எந்திரி அப்பத்தா, காப்பி ஆறுது" என்று திரும்பத் திரும்ப எழுப்புகிறாள்.

1940களில் அமெரிக்க உளவியலாளர் வர்ஜீனியா ஆக்ஸ்லைன் வகுத்த விளையாட்டு வழிச் சிகிச்சை முறையில், குழந்தையை அவசரப்படுத்தாமல் விளையாட்டை அதன் போக்கில் விட்டு, அதில் வெளிப்படும் உணர்வைக் குழந்தைக்கே புரியும்படி எடுத்துச் சொல்வதே சிகிச்சையாளரின் பணி என்று படித்தேன். நாங்கள் சென்ற ஓரிடத்திலோ கேள்விமேல் கேள்வி கேட்டதில் அவள் வாயே திறக்கவில்லை. இம்முறையில் பயிற்சி பெற்று, தமிழிலேயே பேசும் சிகிச்சையாளர் மதுரையில் இருந்தால் தயவுசெய்து தெரிவியுங்கள். அதுவரை அந்த விளையாட்டில் நான் உடன் அமரலாமா, தள்ளி இருக்க வேண்டுமா என்பதையும் அனுபவமுள்ளவர்கள் கூறுங்கள்.